'சென்செக்ஸ் விலை அதிகம், நிஃப்டி மலிவு': ஓய்வுபெற்ற ஆசிரியையின் கடிதமும் என் பதிலும்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து, அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 60. கணவரும் பென்ஷன் வாங்குகிறவர். பணிக்கொடை, கம்யூட்டேஷன், விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்த்துக் கைக்கு வந்தது 37 லட்சம். அதில் 8 லட்சத்தை வீட்டு மராமத்துக்கு ஒதுக்கிவிட்டார். 9 லட்சத்தை மூன்று ஃபண்டுகளில் மூன்று மூன்று லட்சமாகப் போட்டிருக்கிறார். ஒன்று சென்செக்ஸ் இண்டெக்ஸ் ஃபண்டு, இன்னொன்று நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு. மூன்றாவது, வங்கியில் இருக்கும் ரிலேஷன்ஷிப் மேனேஜர் சொல்லி வாங்கிய லார்ஜ் கேப் ஃபண்டு. மீதி 20 லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. "மூன்று இடத்தில் பிரித்துப் போட்டதால் பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நம்புகிறேன், சரிதானே?" என்று கேட்கிறார்.

குழப்பம் வீட்டுக்குள்ளிருந்து தொடங்கியிருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், "சென்செக்ஸ் எண்பதாயிரத்துக்குப் போயாச்சு, அதில் இனி ஏற இடமில்லை. நிஃப்டி இருபத்தைந்தாயிரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, மலிவாக இருக்கும்போதே அதில் மாதாமாதம் எஸ்.ஐ.பி.யாகப் போடுங்கள்" என்கிறார். அக்கா மகனோ, "ரெண்டும் வேண்டாம், பேங்க் நிஃப்டியில் நான் டிரேடு பண்ணித் தருகிறேன். அஞ்சு லட்சம் கொடுங்க, மாதம் மூணு சதவீதம் நிச்சயம். இண்டெக்ஸ்ங்கிறது கம்பெனி இல்லை சித்தி, அது மூழ்காது" என்று வாரம் தவறாமல் போன் செய்கிறார். கணவர் 2018-ல் வாங்கிய யெஸ் பேங்க் பங்குகள் படுத்துவிட்ட கதையும் கடிதத்தில் இருக்கிறது. "அதுவும் நிஃப்டியில் இருந்த பேங்க்தானே? அரசாங்கம் தேர்ந்தெடுத்த பட்டியலில் இருந்தது எப்படி விழும்? நிஃப்டி உச்சம் என்று செய்தி வருகிறது, எங்கள் பங்கு மட்டும் ஏன் அடிமட்டத்தில்?" கடைசியாக, தினமும் காலையில் டிவியில் டவ் ஜோன்ஸ், நிக்கேய், கிஃப்ட் நிஃப்டி என்று வாசிக்கிறார்களே, அதைக் கேட்டுத் தான் ஏதாவது செய்ய வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எந்த ஃபண்டு நிறுவனத்திடமும் நான் கமிஷன் வாங்குவதில்லை. உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது உங்கள் அக்கா மகன் கேட்கும் ஐந்து லட்சம். இதைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் இண்டெக்ஸ் என்றால் என்ன என்பது தெளிவாக வேண்டும். ஏனென்றால் உங்கள் மகன் சொல்வதும் அக்கா மகன் சொல்வதும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து வருகின்றன. இருவரும் இண்டெக்ஸின் பெயரையும் எண்ணையும் பார்க்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இண்டெக்ஸ் என்பது தேர்ந்தெடுத்த சில கம்பெனிகளின் பங்குகள் மொத்தமாக எப்படிப் போகின்றன என்பதை ஒரே எண்ணில் காட்டும் அளவுகோல். அதே பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருப்பதுதான் இண்டெக்ஸ் ஃபண்டு.

80,000 பெரிதா, 24,500 பெரிதா?

சென்செக்ஸ் 1986 ஜனவரியில் அறிமுகமானது. ஆனால் கணக்கை 1978-79-ம் ஆண்டிலிருந்து தொடங்கி, அந்த ஆண்டின் மதிப்பை 100 என்று வைத்தார்கள். நிஃப்டி 1996 ஏப்ரலில் வந்தது. அதற்கு 1995 நவம்பர் 3-ம் தேதியை அடிப்படையாக எடுத்து, அன்றைய மதிப்பை 1,000 என்று வைத்தார்கள். நிஃப்டியின் எண் 1,000 என்று பிறந்த அந்த நாளில் சென்செக்ஸ் ஏற்கெனவே மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது.

இப்போது 80,000-ஐ 24,500-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றேகால் வரும். அன்றும் ஏறக்குறைய மூன்று மடங்குக்குச் சற்று மேல், முப்பது ஆண்டு கழித்து இன்றும் அப்படியே. இரண்டும் ஒரே சந்தையை அளந்துகொண்டு கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் போயிருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஒன்று 100-ல் தொடங்கியது, மற்றது 1,000-ல் தொடங்கியது, தொடங்கிய காலமும் வேறு. வித்தியாசம் அவ்வளவுதான். சென்செக்ஸில் 'ஏற இடமில்லை' என்றால் நிஃப்டியிலும் இருக்காது.

இதே காரணத்தால், "இன்று 800 புள்ளி சரிவு" என்ற செய்தியைக் கேட்டுப் பதற வேண்டாம். சென்செக்ஸ் எண்பதாயிரத்தில் இருக்கும்போது 800 புள்ளி என்பது ஒரு சதவீதம். உங்கள் மூன்று லட்சத்தில் மூவாயிரம் ரூபாய் ஏற்ற இறக்கம். அதே 800 புள்ளி 2009-ல் சென்செக்ஸ் எட்டாயிரத்தில் இருந்தபோது விழுந்திருந்தால் அது பத்து சதவீதம், உண்மையிலேயே பெரிய அடி. புள்ளியைச் சதவீதமாக மாற்றிச் சொல்லாத செய்தியால் உங்களுக்குப் பயன் எதுவும் இல்லை. கணக்கு சொல்லிக்கொடுத்த உங்களுக்கு இது ஒரு நிமிட வேலை.

ஃபண்டின் ஒரு யூனிட் விலையான என்.ஏ.வி.க்கும் இதேதான். ஒன்று 25 ரூபாய், மற்றது 250 ரூபாய் என்பதால் முதலாவது மலிவு என்று ஆகாது. மகனிடம் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உள்ளே இருப்பது யார், எவ்வளவு?

சென்செக்ஸில் 30 கம்பெனிகள், நிஃப்டியில் 50. அந்த முப்பதும் ஏறக்குறைய முழுவதுமாக இந்த ஐம்பதுக்குள் அடங்கிவிடும். நிஃப்டியில் கூடுதலாக இருக்கும் இருபது கம்பெனிகளின் எடை மொத்தத்தில் சிறு பகுதிதான். எடை என்கிறேனே, இண்டெக்ஸில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான்.

நிஃப்டி ஃபண்டில் நூறு ரூபாய் போட்டால் ஐம்பது கம்பெனிக்கும் இரண்டிரண்டு ரூபாயாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பிரிக்கும் இண்டெக்ஸும் இருக்கிறது, அதற்கு நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் என்று தனிப் பெயர். சாதாரண நிஃப்டியில் கடந்த சில ஆண்டுகளாக ஹெச்.டி.எஃப்.சி. பேங்குக்கு மட்டுமே பத்து ரூபாய்க்கு மேல் போகிறது. அதோடு ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க், ரிலையன்ஸ் ஆகியவற்றைச் சேர்த்தால் நூற்றில் கால் பங்கைத் தாண்டிவிடும். கடைசி வரிசையில் இருக்கும் கம்பெனிக்கு அரை ரூபாய் அளவுக்குத்தான் கிடைக்கும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இந்த எடை எங்கிருந்து வருகிறது? பங்கின் விலையிலிருந்து மட்டும் வருவதில்லை. விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைக்கும் சந்தை மதிப்பிலிருந்து வருகிறது. நம் சென்னை எம்.ஆர்.எஃப். பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் அது ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டு, இந்தியாவில் அந்த விலையை எட்டிய முதல் பங்கு என்று பெயர் வாங்கியது. ஆனால் அது நிஃப்டியில் இல்லை. மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள்தான் இருக்கின்றன. ஒரு லட்சம் ரூபாய் என்று பெருக்கினால் 42,000 கோடி சொச்சம். ஐ.டி.சி. பங்கின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் பங்குகளின் எண்ணிக்கை 1,200 கோடிக்கு மேல். 300 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 3.6 லட்சம் கோடி வந்துவிடுகிறது. அதனால்தான் முதல் வரிசையில் ஐ.டி.சி. உட்கார்ந்திருக்கிறது, எம்.ஆர்.எஃப். நடுத்தர அளவுக் கம்பெனிகளின் மிட்கேப் வரிசையில் நிற்கிறது.

இதில் இன்னொரு சல்லடையும் உண்டு. கம்பெனியைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரோமோட்டர்கள் கையில் இருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு, சந்தையில் வாங்க விற்கக் கிடைக்கும் பங்குகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். ஃப்ரீ ஃப்ளோட் என்பது இதைத்தான். சென்செக்ஸ் 2003-லிருந்தும் நிஃப்டி 2009-லிருந்தும் இந்த முறையில் ஓடுகின்றன. டி.சி.எஸ். நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. ஆனால் அதில் சுமார் 72 சதவீதம் டாடா சன்ஸ் கையில் இருப்பதால் மீதிக்கு மட்டும்தான் எடை. எல்.ஐ.சி.யில் அரசின் பங்கு 96.5 சதவீதம், வெளியே இருப்பது மூன்றரை சதவீதம்தான். ஊரெல்லாம் தெரிந்த அவ்வளவு பெரிய நிறுவனம் இண்டெக்ஸ் கணக்கில் சிறுத்துப்போவது அதனால்தான். ஹெச்.டி.எஃப்.சி. பேங்கிலும் ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்கிலும் புரோமோட்டர் என்று யாரும் இல்லை. அவற்றின் எடை அவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் மூன்று ஃபண்டுகளுக்கு வருவோம். சென்செக்ஸ் ஃபண்டும் நிஃப்டி ஃபண்டும் பெயரில்தான் இரண்டு. லார்ஜ் கேப் ஃபண்டு என்றால், செபி விதிப்படி அதன் பணத்தில் குறைந்தது 80 சதவீதம் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளில் இருக்க வேண்டும். அங்கேயும் அதே ஹெச்.டி.எஃப்.சி. பேங்க், அதே ரிலையன்ஸ், அதே இன்ஃபோசிஸ்தான் பெரும்பாலும் முன்வரிசையில் இருக்கும். ஆக நீங்கள் மூன்று இடத்தில் பிரித்துப் போடவில்லை, அம்மா. ஒரே இடத்தில் மூன்று வாசல் வழியாகப் போயிருக்கிறீர்கள். ஆபத்து என்று சொல்ல மாட்டேன், தவறான பொருளையும் வாங்கிவிடவில்லை. ஆனால் சந்தை விழும் நாளில் ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் கூடவே விழும். அன்றைக்கு நீங்கள் அதிர்ச்சி அடையக் கூடாது.

உண்மையிலேயே வேறான இண்டெக்ஸ் வேண்டுமென்றால், இந்த ஐம்பதுக்கு அடுத்த ஐம்பதைக் கொண்ட நிஃப்டி நெக்ஸ்ட் 50 இருக்கிறது. சந்தை மதிப்பு வரிசையில் 101 முதல் 250 வரை மிட்கேப், 251-லிருந்து ஸ்மால்கேப். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்தது நிஃப்டி 500, பட்டியலிடப்பட்ட சந்தையின் ஃப்ரீ ஃப்ளோட் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதற்குள் வந்துவிடும். கீழே போகப்போக ஏற்றமும் வேகம், இறக்கமும் வேகம். 2018 ஜனவரி உச்சத்திலிருந்து 2020 மார்ச் வரை ஸ்மால்கேப் இண்டெக்ஸ் பாதிக்கும் மேல் கரைந்தது. அதே காலத்தின் பெரும்பகுதியில், கொரோனா வரும்வரை, நிஃப்டி ஏறிக்கொண்டிருந்தது. 'மார்க்கெட்' என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி எதிரெதிரான இரண்டு கதைகள் ஓட முடியும்.

யெஸ் பேங்க் ஏன் விழுந்தது என்ற கேள்வி

முதலில் ஒரு திருத்தம். இந்தப் பட்டியலை அரசாங்கம் போடுவதில்லை. தேசியப் பங்குச் சந்தையின் துணை நிறுவனமான என்.எஸ்.இ. இண்டிசஸ் நிஃப்டியைப் பராமரிக்கிறது. சென்செக்ஸ் பி.எஸ்.இ.யின் பொறுப்பு. இண்டெக்ஸ் நடத்துகிறவர்களுக்கென்று செபி 2024-ல் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. ஆனால் செபி பார்ப்பது நடைமுறையைத்தான். எந்தக் கம்பெனி நல்லது என்று அது சான்று கொடுப்பதில்லை. சந்தை மதிப்பு, தினசரி வியாபார அளவு போன்ற தகுதிகளை வைத்துத்தான் தேர்வு நடக்கிறது. கணக்குப் புத்தகம் நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறதா, கடன் ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று இண்டெக்ஸ் குழு உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. சத்யம் நிறுவனமும் இண்டெக்ஸில் இருந்ததுதான். 2009 ஜனவரி 7-ல் அதன் தலைவரே கணக்கு மோசடியை ஒப்புக்கொண்ட பிறகு, சில நாட்களில் வெளியே தூக்கினார்கள்.

யெஸ் பேங்க் 2018 ஆகஸ்ட்டில் 400 ரூபாய்க்கு அருகில் இருந்தது. 2020 மார்ச் 5-ல் ரிசர்வ் வங்கி தலையிட்டு, ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு விதித்தது. அந்த மாதமே நிஃப்டியிலிருந்து நீக்கினார்கள். கவனியுங்கள், விழுந்து முடிந்த பிறகுதான் நீக்கம் நடந்தது. "கெட்ட கம்பெனியை இண்டெக்ஸ் தானாக வெளியேற்றிவிடும்" என்று ஃபண்டு விற்பவர்கள் சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. வெளியேற்றும், ஆனால் அடி வாங்கிய பிறகு. நிஃப்டி ஃபண்டு வைத்திருந்தவர்களும் அந்த அடியில் ஒரு பங்கை வாங்கினார்கள். விலை சரியச் சரிய அந்தப் பங்கின் எடையும் சுருங்கிக்கொண்டே வந்ததால் அவர்களுக்கு நூற்றில் ஒரு துளி போனது. அதை மட்டுமே வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் எல்லாமே போனது. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

நிஃப்டி பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறை மாறுகிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் மாற்றம் நடைமுறைக்கு வரும். 2025 மார்ச்சில் பிரிட்டானியாவும் பி.பி.சி.எல்.-லும் வெளியே போய், ஜொமேட்டோவும் ஜியோ ஃபைனான்ஷியலும் உள்ளே வந்தன. அதனால் "நிஃப்டி முப்பது வருடத்தில் இருபது மடங்குக்கு மேல் ஏறியது" என்பது அன்றைக்கு இருந்த ஐம்பது கம்பெனிகளின் கதை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வழியில் பலர் இறங்கிவிட்டார்கள், பலர் ஏறியிருக்கிறார்கள். வகுப்பின் சராசரி மதிப்பெண் உயர்ந்துவிட்டது என்பதற்காகக் கடைசி பெஞ்சு மாணவன் பாஸாகிவிட்டான் என்று நீங்கள் ஒருநாளும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள். இண்டெக்ஸ் உச்சத்தில் இருப்பதற்கும் உங்கள் ஒரு பங்கு எழுவதற்கும் அந்த அளவுக்குத்தான் தொடர்பு.

பேங்க் நிஃப்டி: தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்

பேங்க் நிஃப்டியும் இண்டெக்ஸ்தான், ஆனால் ஒரே துறை. சில ஆண்டுகளுக்கு முன்வரை முதல் மூன்று வங்கிகளுக்கே அதில் பாதிக்கு மேல் எடை இருந்தது. இந்தக் குவியலைக் குறைக்கத்தான் 2025-ல் செபி விதியை மாற்றியது. குறைந்தது 14 வங்கிகள் இருக்க வேண்டும், ஒரு வங்கிக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடை கூடாது, முதல் மூன்றும் சேர்ந்து 45-ஐத் தாண்டக் கூடாது என்றது. கட்டுப்பாட்டாளருக்கே கவலை தந்த குவியல் என்றால் 'பாதுகாப்பான இண்டெக்ஸ்' என்ற பேச்சுக்கு என்ன மதிப்பு?

ஆனால் உங்கள் அக்கா மகன் சொல்வது பேங்க் நிஃப்டியை வாங்கி வைத்துக்கொள்வதும் இல்லை. கடிதத்தில் 'வாராவாரம் எக்ஸ்பைரி', 'கால்', 'புட்' என்ற வார்த்தைகளை அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஆப்ஷன் வியாபாரம். குறித்த விலையில் வாங்கும் உரிமை 'கால்', விற்கும் உரிமை 'புட்', அந்த உரிமை முடியும் கெடு நாள் 'எக்ஸ்பைரி', உரிமைக்குக் கொடுக்கும் விலை 'பிரீமியம்'. பேங்க் நிஃப்டிக்கு இருந்த வாராந்திர எக்ஸ்பைரியையே 2024 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இப்போதும் வாராவாரம் என்று பேசுகிறார் என்றால், எதில் டிரேடு செய்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

இண்டெக்ஸ் மூழ்காமல் இருக்கலாம். அதன்மேல் வாங்கும் ஆப்ஷன் மூழ்கும். ஓர் உதாரணம். பேங்க் நிஃப்டி 55,000-ல் இருக்கிறது, ஏறும் என்று நம்பி 55,500 கால் ஆப்ஷனை 200 ரூபாய் பிரீமியத்தில் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷனை லாட் என்ற தொகுதியாகத்தான் வாங்க முடியும். ஒரு லாட்டுக்கு 30 என்றால் 6,000 ரூபாய். எக்ஸ்பைரி நாளில் பேங்க் நிஃப்டி 55,400-ல் முடிகிறது. அவர் சொன்னபடியே 400 புள்ளி ஏறியிருக்கிறது. கணிப்பு சரி. ஆனால் 55,500-ஐத் தாண்டாததால் கையில் இருக்கும் ஆப்ஷனின் மதிப்பு பூஜ்யம். 6,000 ரூபாயும் போய்விட்டது. ஆப்ஷனை விற்பவராக இருந்தால் கணக்கு தலைகீழ். பல மாதம் சிறிது சிறிதாக வரும், ஒரு மோசமான நாளில் மொத்தமும் போகும். 'மாதம் மூன்று சதவீதம்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் போகிறார்கள். அந்த மோசமான நாள் இன்னும் வராததால் தைரியமாகப் பேசுகிறார்கள்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரம் நடக்கும் எஃப் அண்ட் ஓ சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். உங்கள் அக்கா மகன் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார் என்று நான் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நம்பிக்கை அந்த 93 பேருக்கும் இருந்தது.

சட்டப்படியும் சில விஷயங்கள் இருக்கின்றன. அடுத்தவர் பணத்தை வாங்கி நிர்வகிக்க செபியின் போர்ட்ஃபோலியோ மேனேஜர் பதிவு வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவர்கள்கூட 50 லட்சத்துக்குக் குறைவாக வாங்க முடியாது, லாபத்துக்கு உத்தரவாதமும் தர முடியாது. பணம் உங்கள் டிமேட் கணக்கில்தான் இருக்கும், பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் கொடுத்தால் போதும் என்று அவர் சொல்லக்கூடும். அதற்கும் சம்மதிக்காதீர்கள். உங்கள் பெயரில் நடக்கும் ஒவ்வொரு டிரேடுக்கும் நீங்களே பொறுப்பு. பிறகு "நான் செய்யவில்லை" என்று எந்த வாசலிலும் நின்று சொல்ல முடியாது. வருமான வரியிலும் எஃப் அண்ட் ஓ லாப நஷ்டம் வியாபார வருமானமாகத்தான் கருதப்படும். பென்ஷனும் வட்டியும் மட்டும் காட்டி எளிய படிவத்தில் முடிக்கிற உங்களுக்கு ஐ.டி.ஆர்.-3 போட வேண்டிய நிலை வரும்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று புரிகிறது. அக்கா மனம் நோகும் என்று எழுதியிருக்கிறீர்கள். "பணத்தை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டுவிட்டேன்பா, ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் அபராதம்" என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் உண்மையிலேயே போட்டுவிடுங்கள். கீழே அதைத்தான் பரிந்துரைக்கப் போகிறேன்.

இனி என்ன செய்யலாம்

சேமிப்புக் கணக்கில் கிடக்கும் 20 லட்சத்தைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இப்போதைய வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் கணக்கில் விழும். வட்டிக்கு வரி உண்டு. நடுவில் முடித்தால் அபராதம் கழித்துக்கொண்டு தருவார்கள். ஆகவே மருத்துவச் செலவுக்கென்று இரண்டு லட்சத்தை எஃப்.டி.யில் தனியாக வைத்துவிட்டு மீதியைப் போட்டாலும் சரி. அப்போது வட்டி சுமார் 36,900 வரும்.

ஃபண்டுகளில் இருக்கும் 9 லட்சம் உங்கள் மொத்தப் பணத்தில் கால் பங்கு. இரண்டு பென்ஷன் வரும் வீட்டுக்கு அது அதிகமில்லை. சென்செக்ஸ் ஃபண்டு தேவையில்லாத இரட்டிப்பு என்றேன், அதற்காக உடனே விற்க ஓட வேண்டாம். வாங்கி ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. ஓராண்டு கடந்தால் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். சென்செக்ஸ், நிஃப்டி ஃபண்டுகள் இரண்டில், ஃபண்டு நிறுவனம் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் செலவு விகிதம் எதில் குறைவோ அதை வைத்துக்கொண்டு, மற்றதில் புதிதாகப் பணம் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். ஓராண்டு ஆன பிறகு மெதுவாக ஒன்றாக்கிக்கொள்ளலாம். மகன் சொல்லும் எஸ்.ஐ.பி.யைத் தாராளமாகத் தொடங்கலாம். அவர் சொன்ன காரணம்தான் தவறு, திட்டம் தவறில்லை. வித்தியாசமான ஒன்று வேண்டுமென்று தோன்றினால் எஸ்.ஐ.பி.யில் ஐந்தில் ஒரு பங்கை நெக்ஸ்ட் 50-க்குத் திருப்பலாம். இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

லார்ஜ் கேப் ஃபண்டை வங்கி மூலம் வாங்கியதால் அது பெரும்பாலும் ரெகுலர் பிளானாக இருக்கும். உங்கள் ஸ்டேட்மென்ட்டிலேயே தெரியும். ரெகுலர் என்றால் ஒவ்வொரு வருடமும் உங்கள் பணத்திலிருந்து வங்கிக்குக் கமிஷன் போகிறது. அந்த மேனேஜர் விநியோகஸ்தர், ஆலோசகர் அல்ல. எவ்வளவு கமிஷன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள். அடுத்த சந்திப்பில் அந்த ஃபண்டு, நூறு பெரிய கம்பெனிகளைக் கொண்ட நிஃப்டி 100-ன் டி.ஆர்.ஐ.யைவிட ஐந்தாண்டில் அதிகம் தந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். டி.ஆர்.ஐ. என்பது டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் இண்டெக்ஸ். டிவியில் சொல்லும் நிஃப்டி வெறும் விலைக் கணக்கு, கம்பெனிகள் தரும் டிவிடெண்ட் அதில் வராது. ஆண்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றும். ஒரு லட்சம் ரூபாய் 11 சதவீதத்தில் இருபது ஆண்டு வளர்ந்தால் 8 லட்சம் சொச்சம், 12.3 சதவீதத்தில் 10 லட்சத்தைத் தாண்டும். அந்த இரண்டு லட்சத்தை மறைத்துக் காட்டிவிட்டு "எங்கள் ஃபண்டு நிஃப்டியை ஜெயித்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018 பிப்ரவரியிலிருந்து டி.ஆர்.ஐ.யோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. பதில் திருப்தியாக இல்லையென்றால், தவறாகச் சொல்லி விற்றார்கள் என்று நீங்கள் கருதினால், செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் இலவசமாகப் புகார் பதிவு செய்யலாம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 2008 ஜனவரியில் 20,873-ல் இருந்த சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது. அறுபது சதவீத வீழ்ச்சி. பழைய இடத்துக்குத் திரும்ப 2010 நவம்பர் வரை ஆனது. இந்தியாவில் மூன்றாண்டுக்குள் மீண்டது. ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட 38,915 என்ற உச்சத்தை மறுபடி கடந்தது 2024 பிப்ரவரியில்தான். இண்டெக்ஸ் பூஜ்யமாகாது என்பதும் வேண்டும்போது நம் பணம் அப்படியே இருக்கும் என்பதும் ஒன்றல்ல. அதனால்தான் அடுத்த ஏழு ஆண்டுக்குள் உங்களுக்குத் தேவைப்படும் எந்தப் பணத்தையும் இண்டெக்ஸ் ஃபண்டுக்குள் கொண்டுபோக வேண்டாம் என்கிறேன்.

காலை டிவிச் செய்தி பற்றிய உங்கள் கேள்வி மிச்சம் இருக்கிறது. டவ் ஜோன்ஸில் 30 அமெரிக்கக் கம்பெனிகள். 1896-ல் 12 கம்பெனிகளோடு தொடங்கிய பழைய இண்டெக்ஸ் அது. அங்கே எடை பங்கின் விலையை வைத்துத்தான். அந்த முறை இங்கே இருந்திருந்தால் நம் எம்.ஆர்.எஃப். ஒன்றே மொத்த இண்டெக்ஸையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். நிக்கேயும் விலை வழி இண்டெக்ஸ்தான். அமெரிக்கச் சந்தையை முழுமையாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் எஸ் அண்ட் பி 500-ஐப் பார்ப்பார்கள். கிஃப்ட் நிஃப்டி என்பது குஜராத் கிஃப்ட் சிட்டியில் நடக்கும் நிஃப்டி ஃபியூச்சர்ஸ், அதாவது முன்பேர வியாபாரம். நம் சந்தை திறப்பதற்கு முன்பே நடப்பதால் காலைப் போக்கைக் காட்டும். அன்றன்றைக்கு வாங்கி விற்பவர்களுக்கு இவையெல்லாம் தேவை. மாதம் ஒருமுறை எஸ்.ஐ.பி. போகும் உங்களுக்கு இதில் செய்ய எதுவுமில்லை.

இந்த வாரமே முடிக்க வேண்டிய வேலை இன்னொன்று உண்டு. கணவரின் டிமேட் கணக்கிலும் உங்கள் மூன்று ஃபண்டுகளிலும் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிமேட் கணக்குகளில் இது விடுபட்டிருப்பது சகஜம். ஆன்லைனிலேயே சேர்த்துவிடலாம். மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பக்கத்தில் உட்காரவைத்து முடித்துவிடுங்கள்.